யானையும் வேண்டும், காடும் வேண்டும்

விலங்குகளைப் படம் எடுப்பது முன்போல் கடினமான வேலையாக இல்லை. விநாடிக்கு இருபது, முப்பது படங்களை எடுத்துத் தள்ளும் கேமராக்களும், பறந்துகொண்டிருக்கும் பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்து அதன்மீது குவியத்தை நிறுத்தும் மென்பொருளும், அந்தி மயங்கிய பிறகும் காட்சியைத் தெளிவாகப் பதியவைக்கும் உணரிகளும் கடைக்கு வந்துவிட்டதால், ‘படம் தெளிவாக விழுந்திருக்கிறது’ என்பது தனியாகப் பாராட்ட வேண்டிய செய்தியாக இல்லாமல் போய்விட்டது. முதுமலையிலும் கபினியிலும் எடுக்கப்பட்டுத் தினந்தோறும் கைபேசித் திரையில் வந்து குவியும் புலிப் படங்களை வரிசையாகப் பார்ப்பவருக்குப் பத்தாவது படத்துக்குள் சலிப்புத் தட்டிவிடுகிறது. மீசை மயிர் ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய அளவுக்குத் துலக்கமாக இருந்தும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வேறுபாடு சொல்ல முடிவதில்லை. அதே நேரத்தில், நூறாண்டுக்கு முன் எடுத்த, மங்கலும் கீறலும் நிறைந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தவர் நினைவில் தங்கிவிடுகிறது. விலங்குப் படத்தின் வலிமை எதில் இருக்கிறது என்ற கேள்வி இந்த முரணிலிருந்து எழுகிறது.

தெளிவு, நெருக்கம், அரிய விலங்கு என்ற மூன்றையும் வைத்து விலங்குப் படத்தை மதிப்பிடும் பழக்கம் தற்செயலாக வந்ததல்ல, இந்தக் கலை பிறந்த காலத்தில் இம்மூன்றுமே பெரும்பாட்டுக்குப் பிறகுதான் கிடைத்தன என்பதால் வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏரிக்கரை மான்களை இரவில் படம் எடுத்த மூன்றாம் ஜார்ஜ் ஷைராஸ், படகின் முகப்பில் விளக்கைக் கட்டி, ஓசைப்படாமல் துடுப்புப் போட்டு, மக்னீசியத் தூளைக் கொளுத்தி எழுப்பிய திடீர் வெளிச்சத்தில் எடுத்த படங்களுள் 74 படங்களை நேஷனல் ஜியாக்ரபிக் இதழ் 1906ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்டது. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள், பறவைகள் அஞ்சாதிருக்கவேண்டிப் பதப்படுத்திய மாட்டுத் தோலுக்குள் மனிதனும் கேமராவுமாக ஒளிந்துகொண்டனர். அந்த நாளில் கண்ணாடித் தகட்டில் விலங்கு அடையாளம் தெரியும்படி விழுந்ததே வெற்றி. அது என்ன செய்துகொண்டிருந்தது, எங்கே நின்றது என்பதையெல்லாம் கேட்க ஒருவருக்கும் அவகாசம் இருந்ததில்லை. ஷைராஸின் மான்களுள் பல வெளிச்சம் கண்டு திகைத்தோ துள்ளியோ பதிவானவை. அவற்றில் தெரிவது மானின் இரவு வாழ்க்கையைவிட, மனிதன் திடீரென்று மூட்டிய நெருப்புக்கு மான் காட்டிய பதற்றம்தான்.

இந்தியக் காடுகளில் இதற்கு வேறொரு வழி கண்டவர் ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன். துப்பாக்கியோடு காட்டுக்குப் போவதே மதிப்பாகக் கருதப்பட்ட 1920களில், புலி வழக்கமாக நடக்கும் தடத்தை அறிந்து, அதன் குறுக்கே மெல்லிய கம்பியை நீட்டி, கம்பி இழுபட்டதும் ஃப்ளாஷ் எரிந்து ஷட்டர் திறக்குமாறு அமைத்துவிட்டு, அவர் அங்கிருந்து போய்விடுவார். தன் பாட்டுக்கு நடந்து வந்த புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது. 1927இல் வெளியான அவருடைய புலிக்காட்டு நூலில் உள்ள படங்கள், தோட்டாவால் வீழ்த்தப்பட்ட புலியின் மேல் காலை வைத்து நிற்கும் வேட்டைக்காரர் படங்களையே பார்த்துப் பழகிய ஒரு தலைமுறைக்கு, புலி நடக்கும்போது எப்படி இருக்கும் என்பதை முதன்முறையாகக் காட்டின. ஷைராஸும் கம்பி வைத்தவர்தான் என்றாலும், சாம்பியன் படங்களில் வேறொரு குணம் தெரிகிறது: தலை தாழ்ந்திருக்கிறது, தோள்பட்டை எலும்பு மேலெழுந்திருக்கிறது, முன்னங்கால் பாதி வழியில் நிற்கிறது, பின்னால் இருட்டுக்குள் புல்லும் மரமும் மங்கலாகத் தெரிகின்றன. அந்தப் புலிக்கு ஒரு வேலை இருக்கிறது, போக வேண்டிய இடம் இருக்கிறது, பார்ப்பவரைப் பற்றிய நினைப்பே இல்லை. வலிமையான விலங்குப் படம் எதுவென்று கேட்டால், விலங்கு தன் சொந்த அலுவலில் ஈடுபட்டிருப்பதையும் அந்த அலுவல் நடக்கும் இடத்தையும் ஒன்றாகக் காட்டும் படம் என்று விடை சொல்லலாம். மற்ற நுட்பங்கள் யாவும் இந்த ஒன்றுக்குத் துணை நிற்பவையே.

தமிழ்நாட்டில் இதை நன்கு உணர்ந்து செய்தவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகனான அவர் 1912இல் பிறந்தவர், ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கை பற்றிய பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதிவந்தவர், தமிழிலும் காட்டுயிர்க் கட்டுரைகள் எழுதியவர், ஓவியம் வரைந்தவர். நேரு நினைவு நல்கையைப் பெற்றுத் தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைக் கள ஆய்வு செய்து பதிவுசெய்தார். கறுப்பு வெள்ளையில் படம் எடுத்த அவர், வேறுவேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தமக்கு ஏற்றபடி உருவாக்கிக்கொண்ட கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். அவருடைய யானைப் படங்களை இன்றைய அளவுகோலால் பார்த்தால் குறை சொல்ல இடம் உண்டு. சிலவற்றில் ஃபிலிமின் குருணை மணிமணியாகத் தெரிகிறது, சிலவற்றில் வெளிச்சம் தட்டையாக இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் எது மூத்த பெண் யானை, எந்தக் கன்று யாருடையது, அவை இலையைத் தின்கின்றனவா பட்டையை உரிக்கின்றனவா, சுற்றியுள்ள காடு மூங்கிலா முட்புதரா என்பதைப் படத்தைப் பார்த்தே பெருமளவு சொல்லிவிடலாம். விலங்கை அறிந்தவர் எடுத்த படம் அப்படித்தான் இருக்கும். கேமராவை மட்டும் அறிந்தவருக்கு இந்த விவரங்களெல்லாம் படச் சட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டிய குப்பையாகத் தோன்றும்.

நீண்ட குவியத் தொலைவு கொண்ட லென்ஸ், அதாவது டெலி லென்ஸ், இந்தத் தள்ளுதலை மிக எளிதாக்கிவிட்டது. 600 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 4 அளவில் முழுதாகத் திறந்து, இருபது மீட்டர் தொலைவில் நிற்கும் விலங்கைப் படம் எடுத்தால், முன்பின்னாக ஏறத்தாழ கால் மீட்டர் ஆழத்துக்கு மட்டுமே காட்சி கூர்மையாக இருக்கும்; இதைத்தான் குவிய ஆழம் என்கிறார்கள். நேராகக் கேமராவை நோக்கி வரும் புலியின் கண் கூர்மையாகவும் இடுப்பு கரைந்தும் இருப்பது இதனால்தான். பின்னணியில் உள்ள மரம், புதர், நீர்நிலை எல்லாம் பச்சை, மண் நிறப் பூச்சாக மாறிவிடும். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அந்தப் புலி நின்றது தேக்குக்காடா, புல்வெளியா, உயிர்க்காட்சிச் சாலையின் கூண்டா என்பதற்குப் படத்தில் சாட்சி ஏதும் மிஞ்சுவதில்லை. நெருக்கம் என்று பலரும் கொண்டாடுவது உண்மையில் பெரிதாக்கம். விலங்குக்கும் பார்ப்பவருக்கும் இடையே உள்ள தொலைவைக் கண்ணாடி விழுங்கிவிட்டதே தவிர, விலங்கின் வாழ்க்கைக்குள் ஓர் அடிகூட எடுத்துவைக்கப்படவில்லை. டெலி லென்ஸே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. கூச்சமுள்ள விலங்கைத் தொந்தரவு செய்யாமல் எடுக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. சட்டத்துக்குள் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று முடிவெடுப்பது மட்டும் லென்ஸின் பொறுப்பில் விடத்தக்கதன்று.

எடுக்கும் உயரம் பற்றியும் சொல்ல வேண்டும். விலங்கின் கண் மட்டத்துக்குக் கேமரா இறங்கினால், பின்னணி தொலைவுக்கு விலகி, அடிவானம் விலங்கின் தலைக்குப் பின்னே வந்து, அந்த உயிர் தன் உலகைப் பார்க்கும் உயரத்திலிருந்தே அதைப் பார்க்கும் நிலை உண்டாகிறது. மேலிருந்து எடுத்தால் விலங்கு தரையோடு ஒட்டிச் சிறுத்துவிடுகிறது. புலிகள் காப்பகங்களில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்ற விதி இருப்பதால் இந்தியப் புலிப் படங்கள் பெரும்பாலும் கீழ்நோக்கிய பார்வையில் அமைகின்றன. விதி சரியானது, படத்துக்கு அது இழப்பு என்பதும் மெய்தான். உயரத்தோடு கண்ணையும் கவனிக்க வேண்டும்: அதில் ஒரு புள்ளி வெளிச்சம் விழுந்திருந்தால் விலங்கு உயிரோடு இருப்பதுபோல் தோன்றும், விழாவிட்டால் கண் குழியாகத் தெரியும் என்பது படக்காரர்களிடையே பழைய பாடம்.

வெளிச்சத்தை அளப்பதில் உள்ள ஒரு பொறியைச் சற்று விரித்துச் சொல்வது பயனுடையது. கேமராவுக்குள் உள்ள ஒளிமானி, எதிரே உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும்படி அமைக்கப்பட்டது. சட்டம் நிறையக் காட்டெருமை நின்றால், கறுப்பைச் சாம்பலாக்க வேண்டும் என்று அது முடிவுசெய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். காட்டெருமையின் எண்ணெய் மினுக்குள்ள கருந்தோல் வெளிறி, காலுறை அணிந்ததுபோல் உள்ள வெண்கால்கள் விவரமின்றி வெந்துபோகும். வயலில் நிற்கும் கொக்குக்கு எதிர்மாறாக நடக்கும்: வெண்மை மிகுதி என்று கருவி வெளிச்சத்தைக் குறைக்க, கொக்கு அழுக்கு வேட்டி நிறத்துக்கு வந்துவிடும். யானைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதன் தோலின் நிறம் அது அன்று பூசிக்கொண்ட மண்ணின் நிறம். செம்மண் பூசிய யானையும் சேற்றில் புரண்ட யானையும் ஒரே காட்டில், ஒரே நாளில் வேறுவேறு நிறத்தில் நிற்கும். சூரியன் சாய்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் வெளிச்சம் பக்கவாட்டில் வருடும்போதுதான் அந்தத் தோலின் சுருக்கங்களுக்கு நிழல் கிடைக்கிறது. உச்சி வெயிலில் எடுத்த யானை வெட்டி ஒட்டிய அட்டைபோல நிற்கும்.

இவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. கற்பதற்கு நாள் பிடிப்பது விலங்கின் நடத்தை. பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும் என்று தெரிந்தவர், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதென்று பார்த்து முன்கூட்டியே உட்கார்ந்துவிடுகிறார். தெரியாதவருக்குப் பறவையின் முதுகுதான் கிடைக்கும். யானை துதிக்கையை உயர்த்தி நுனியை முன்னே வளைத்தால் அது காற்றில் மணம் பிடிக்கிறது. ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் இடையே கன்னத்தில் ஈரக்கோடு வழிந்திருந்தால் அது மதநீர். பழந்தமிழ்ப் புலவர்கள் சலிக்காமல் பாடிய அந்த ஈரத்தை அறிந்தவர், முகத்தின் அந்தப் பக்கத்தில் வெளிச்சம் விழும்வரை காத்திருந்து எடுக்கிறார். அதே யானையை அறியாதவர் எடுத்தால் தந்தம் மட்டும் பெரிதாக இருக்கும்.

இந்த இடத்தில் விலங்குப் படங்களின் சந்தையில் நல்ல விலை போகும் ஒரு வகையைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல நேர்கிறது. காதுகளை விரித்துப் புழுதி கிளப்பிக் கேமராவை நோக்கிப் பாயும் யானையும், பல்லைக் காட்டி உறுமும் சிறுத்தையும் அட்டைப்படத்துக்கு ஏற்றவையாகக் கருதப்படுகின்றன. யானை எதற்காகப் பாய்ந்தது என்று கேட்டால், பெரும்பாலும் வண்டி அளவுக்கு மீறி நெருங்கியதற்காக, அல்லது கன்றுக்கும் கூட்டத்துக்கும் நடுவே புகுந்ததற்காக. வீரம் என்று சட்டமிட்டு மாட்டப்படுவது, எடுத்தவருடைய தவற்றின் பதிவு. ஷைராஸின் திகைத்த மான்களுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவருக்காவது அன்று வேறு வழி இல்லை என்று சொல்லலாம்.

காத்திருந்து பெற்ற கணத்தின் இயல்பு வேறு. அலாஸ்காவின் புரூக்ஸ் அருவியில் 1988இல் தாமஸ் மாங்கெல்சன் எடுத்த படத்தில், அருவியேறத் துள்ளிய சால்மன் மீன் பழுப்புக் கரடியின் திறந்த வாய்க்குள் நுழையும் தறுவாயில் இருக்கிறது. அந்தச் சட்டத்தை அவர் முன்னதாகவே மனத்தில் வரைந்து, கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, கரடி நிற்கும் இடத்தைக் கவனித்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்; நினைத்தது கிடைத்துவிட்டது என்பது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டுப் போட்டியில் 2020இல் முதல் பரிசு பெற்ற செர்கேய் கோர்ஷ்கோவின் படத்துக்குப் பதினோரு மாதத்துக்கு மேல் பிடித்தது. ரஷ்யாவின் தூரக்கிழக்கில் ஆமூர் புலிகள் உலவும் தேசியப் பூங்காவில், மரப்பட்டையில் ஒட்டியிருந்த மயிரையும் மணத்தையும் நகக்கீறலையும் தேடிப் பார்த்து, ஒரு பழைய மஞ்சூரிய ஃபிர் மரத்துக்கு எதிரே, அசைவை உணர்ந்து தானே இயங்கும் கேமராவை அவர் 2019 ஜனவரியில் பொருத்தினார். நவம்பரில் ஒரு பெண் புலி வந்து, பின்னங்கால்களில் எழுந்து, மரத்தை இரு கைகளாலும் தழுவிக் கன்னத்தை உரசி, தன் மணத்தை அதன்மேல் பூசிவிட்டுப் போயிற்று. எல்லைக்கு அடையாளமிடுவது புலியின் அன்றாட வேலை. அந்த வேலையும், அதற்கு அது தேர்ந்த மரமும், மரத்தைச் சூழ்ந்த காடும் சேர்ந்து விழுந்ததால் படம் நிற்கிறது. ஷட்டரை அழுத்தியது மனிதக் கை இல்லையே, இதை எடுத்தவர் யார் என்று கேட்பவர்கள் உண்டு. எந்த மரம் என்று கண்டவரே எடுத்தவர்.

இதே வகைக் கேமராவைப் புலிக் கணக்கெடுப்புக்கும் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் இங்கே நினைவுகொள்ளலாம். ஒவ்வொரு புலியின் வரிகளும் தனித்தன்மை கொண்டவை. ஒரே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட வேறு. ஆகவே பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கேமராவை வைத்து, உடலின் இரு பக்கங்களும் முழுதாகத் தெரியும்படி எடுத்து, தனிப் புலியை அடையாளம் காண்கிறார்கள். அறிவியலுக்கு அந்தப் படம் மிக வலியது. மற்றபடி அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட யாரும் விரும்பமாட்டார்கள். வலிமை என்பது எதற்காக எடுத்த படம் என்பதைப் பொறுத்தும் மாறுகிறது.

பொய் கலந்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒருநாள் சரிந்துவிடும் என்பதற்கு அதே லண்டன் போட்டியிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன. 2009இல் முதல் பரிசு பெற்ற படத்தில் ஓர் ஐபீரிய ஓநாய் இரவில் பட்டியின் மரக்கதவைத் தாண்டிக் குதித்தது. காட்டு ஓநாயாக இருந்தால் கதவுச் சட்டங்களுக்கு இடையே நுழைந்து போயிருக்குமே, மெனக்கெட்டு ஏன் தாண்ட வேண்டும் என்ற ஐயம் எழுந்து, அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்று நடுவர்கள் முடிவுசெய்து 2010இல் பரிசைத் திரும்பப் பெற்றனர். 2017இல் பரிசு பெற்ற மற்றொரு படத்தில், பிரேசில் நாட்டுத் தேசியப் பூங்கா ஒன்றின் புல்வெளியில் பச்சை ஒளி சிந்தும் கறையான் புற்றை நோக்கி ஓர் எறும்புத்தின்னி வந்தது. அந்தப் பூங்காவின் பார்வையாளர் மையத்தில் வைத்திருந்த பாடம் செய்த எறும்புத்தின்னியின் மயிர்க்கற்றைகளும் குறிகளும் அதனோடு பொருந்துவதாக வல்லுநர்கள் கண்டதால் 2018இல் அதுவும் நீக்கப்பட்டது. எடுத்தவர்கள் இருவரும் குற்றச்சாட்டை மறுத்தனர். கவனிக்கத்தக்கது என்னவென்றால், ஓநாய்ப் படத்தில் ஐயத்தைக் கிளப்பியது கணினி ஆய்வன்று. ஓநாய் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு. இரை கட்டிவைத்து வரவழைப்பது, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை ஏமாற்றுவது, கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்து வெளிச்சம் உண்டாக்குவது ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. கிளை ஒடிந்த கூட்டைப் படக்காரர் போன பிறகு காக்கையும் வெயிலும் கண்டுகொள்ளும்.

நுட்பக் குறைகள் இருந்தும் வலிமை குன்றாத படத்துக்கு ஒரு சான்று மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்திலிருந்து வந்தது. பிப்லப் ஹஸ்ரா எடுத்து 2017இல் சாங்ச்சுவரி ஏஷியா இதழின் ஆண்டு விருதைப் பெற்ற அப்படத்தில், விரட்டும் கூட்டம் எறிந்த நெருப்புக்கு நடுவே ஒரு தாய் யானை ஓடுகிறது, பின்னால் கன்று தீப்பற்றியபடி வருகிறது, சட்டத்தின் மறுபுறத்தில் மனிதர்கள் ஓடுகிறார்கள். கண்ணில் ஒளிப்புள்ளி, பக்கவாட்டு வெளிச்சம் என்று முன்னே சொன்ன எதுவும் அதில் இல்லை. இருந்தும் இடம் இருக்கிறது: சாலை, புகை, ஊர், கூட்டம். யானையை மட்டும் பெரிதாக்கி எடுத்திருந்தால் அது ஓடுகிற யானையாக மட்டும் இருந்திருக்கும்; யாரிடமிருந்து ஓடுகிறது என்பதையும் சட்டத்துக்குள் விட்டுவைத்ததால் அது ஒரு குற்றப்பத்திரிகையாகவே ஆகிவிட்டது.

பெரிய விலங்குகளைப் பற்றியே பேசுவது இந்தத் துறையின் கெட்ட பழக்கம். லண்டன் சுரங்க ரயில் நிலைய நடைமேடையில் இரவுகளில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்து, பயணிகள் சிந்திய ஒரு துணுக்குக்காக இரண்டு சுண்டெலிகள் பின்னங்கால்களில் நின்று மல்லுக்கட்டிய கணத்தைச் சாம் ரோலி பிடித்த படம், 2020 பிப்ரவரியில் அதே போட்டியின் பொதுமக்கள் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது. எலியின் கண் மட்டம், எலியின் அலுவல், எலியின் ஊர் மூன்றும் அதில் உண்டு. சென்னையிலும் இதற்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவிலும் அதை ஒட்டிய ஐஐடி வளாகத்திலும் வெளிமான்கள் வாழ்கின்றன. முறுக்குக் கொம்பும் கறுப்பு முதுகும் கொண்ட ஆண் மானை எடுக்கும்போது பின்னால் கட்டடமோ விளக்குக் கம்பமோ வந்துவிடாதபடி லென்ஸைத் திருப்பி, அது ஏதோ ராஜஸ்தான் சமவெளியில் மேய்வதுபோல் காட்டத்தான் கை போகும். அந்த மான் மேய்வது மாநகரத்தின் நடுவில். கட்டடமும் கம்பமும் அதன் காட்டைச் சேர்ந்தவை.